கொள்ளு அள்ளிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக, நான் ஒரு வேகத்தடையை நடந்தே கடந்தேன்.

எனக்குப் பின்னால் என் மாமியார், கையில் பூ, பழம், வெற்றிலை அடுக்கிய தாம்பாளத்தோடு. அவருக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர், பட்டு வேட்டியின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி. எங்களுக்கு முன்னால் எங்கள் கார், ஓட்டுகிறவனைத் தவிர ஆளில்லாமல் இளைத்துப்போய், கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக அந்த மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எதிரே வந்த டவுன் பஸ் எங்களுக்காக நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"ஏதோ வேண்டுதல் போலருக்குடி."

கார் ரிப்பேரா? இல்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. என் கொழுந்தன் செந்தில் காரை மேம்படுத்தியிருந்தான். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குச் செந்திலைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்குத் தம்பி. அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெரம்பலூரில் எங்களோடுதான் இருக்கிறான். நன்றாக ஓடும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். மிக்ஸி நன்றாக அரைக்கிறதா? பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறதா? ஏன் சத்தமில்லை என்று கண்டுபிடித்தாக வேண்டும்!

அப்படிப்பட்டவன் கையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் கிடைத்தால்?

வெளிநாட்டுக் கார் படங்கள் போட்ட புத்தகம் ஒன்று எங்கிருந்தோ அவனுக்குக் கிடைத்தது. அதில் எல்லாக் காரும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. சக்கரத்துக்கும் அதன் மேல் இருக்கும் தகரத்துக்கும் நடுவே விரல் நுழையாது. செந்தில் வெளியே போய் எங்கள் காரைப் பார்த்தான். அந்த இடைவெளியில் ஒரு கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கலாம்.

"அண்ணி, நம்ம கார் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இல்ல?"

"மழை பெய்ஞ்சா நம்ம ரோட்டுக்கு மடிச்சுக் கட்டுனாத்தான்ப்பா சரி" என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

விஷயம் இதுதான். காரின் உடம்பை நாலு சக்கரத்தின் மேலும் தாங்கி நிற்பவை நாலு ஸ்பிரிங்குகள். அவற்றைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடக் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கிற ஸ்பிரிங்குகளை மாட்டினால் சக்கரம் இருக்கிற இடத்திலேயே இருக்கும், உடம்பு மட்டும் கீழே இறங்கும். கார் வளைவில் சாயாது. பார்க்கவும் பந்தயக் கார் போல இருக்கும்.

பெரம்பலூரில் இதற்கு ஸ்பிரிங் கிடைக்குமா? கடைக்காரர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். துறைமங்கலத்து மெக்கானிக் வாய்விட்டே கேட்டார்.

"ஏத்தித் தரச் சொல்லுங்க, கட்டை வெச்சு ஏத்தித் தரேன். இந்த ஊர்ல எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. எறக்கச் சொல்றீங்களே… சிமெண்ட் லாரி ஓடுற ரோட்டுலயா சார் ஓட்டப் போறீங்க?"

செந்தில் அசரவில்லை. அவனோடு படித்த பஷீர், லப்பைக்குடிக்காட்டுக்காரர், வளைகுடாவில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்தபோது சென்ட் பாட்டிலுக்கும் பிஸ்தாவுக்கும் நடுவே, கம்பளியில் சுற்றி, செக்கச்செவேல் என்று நாலு ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

"மாட்டிப் பாரு மச்சான். இன்ஷா அல்லா, வண்டி சும்மா பறக்கும்."

மெக்கானிக் முடியாது என்றதால் செந்திலே மாட்டினான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடிக்கும் கருவியைச் சுரங்கத்து நண்பரிடம் கேட்டு வாங்கிவந்து, ஒரு நட்டு கூட மிஞ்சாமல் அத்தனையும் அவன் கையாலேயே செய்தான்.

மிஞ்சியவை நாலு பழைய ஸ்பிரிங்குகள். அவற்றை அத்தை, அதாவது என் மாமியார், விடுவாரா? கழுவி, துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். ஒன்றின் மேல் குடிதண்ணீர்க் குடம். ஒன்றின் மேல் பித்தளைத் தவலை. ஒன்றின் மேல் துளசித் தொட்டி. நாலாவது, எதற்கு என்று தெரியாமலே கொல்லைச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கியது.

"காரையே தாங்குனது, எங் கொடத்தத் தாங்காதா?" என்றார். உடனே ஒரு குறையும் சொன்னார். "கொஞ்சம் ஒசரந்தான். மொள்ளறப்ப தோள்பட்ட இழுக்குது."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கார் அழகாகத்தான் இருந்தது. திருச்சி ரோட்டில் ஒரு வளைவில் அவன் திருப்பியபோது என் காப்பித் தம்ளர்கூட அலுங்கவில்லை. ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் நம் வாழ்க்கையில் வளைவுகள் எத்தனை? வேகத்தடைகள் எத்தனை? ஒரு ஊரில் ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டால் போதும், மறுநாள் காலை ரோட்டில் ஒரு மேடு முளைத்திருக்கும். அதை எவ்வளவு உயரத்துக்குப் போடுவது என்பது ஆட்டுக்குட்டியின் சொந்தக்காரருக்கு எவ்வளவு கோபம் என்பதைப் பொறுத்தது.

மேடு வந்தால் கார் வயிறு தட்டும். ஆகவே, மேடு வந்தால் நாங்கள் இறங்க வேண்டும். நாலு பேர் பாரத்தில் கார் இன்னும் தாழ்ந்துவிடுகிறதாம். சொல்லும்போது செந்தில் எங்கள் வீட்டுக்காரரைத்தான் பார்த்தான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை எங்கே கிளம்பினோம்? பெண் பார்க்க. செந்திலுக்குத்தான்.

இதற்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போய்விட்டன. சிலருக்குச் சுரங்கத்து வேலை பிடிக்கவில்லை. சிலருக்குச் சொந்த வீடு வேண்டும். ஒவ்வொரு முறையும் "பரவால்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவான். இந்த முறை அப்படி இல்லை. அரியலூரில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் அவன் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறான். பந்தியில் பரிமாறிக்கொண்டு நின்றாளாம். "ரசம் ஊத்தவா, கைய மூடிக்கிறீங்களா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு எங்கள் வீட்டு ரசத்தைக் குடித்துவிட்டு ஒரு மாதிரி பெருமூச்சு விடுகிறான். தரகர் கொண்டுவந்த போட்டோவில் அதே பெண் இருந்ததைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று நானும் மனசார வேண்டிக்கொண்டேன்.

பெண்ணின் பெயர் வளர்மதி. குன்னத்தைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அப்பா விவசாயி.

குன்னம் வரைக்கும் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஊருக்குள் போகும் தார் ரோட்டில் திரும்பினால், ரோடு நெடுக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், காய்ந்த கொள்ளுச் செடியை மெத்தை போலப் பரப்பியிருந்தார்கள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அறுத்த கொள்ளு, எள்ளு, சோளக்கதிர் எல்லாவற்றுக்கும் ரோடுதான் களம். பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் ஏறி ஏறிப் போகும். காய் வெடித்து மணி உதிரும். டிரைவர்கள் யாரும் ஒதுங்கிப் போவதில்லை. ஏற்றிவிட்டுப் போவதுதான் மரியாதை. உங்கள் வீட்டுக் கொள்ளு ரசத்தில் ஒரு கல் கடிபட்டால் கோபப்படாதீர்கள், அது ஏதோ ஒரு மாவட்டச் சாலையின் ஜல்லி.

செந்தில் காரை நிறுத்தி யோசித்தான்.

"எறங்கணுமாப்பா?" என்றேன், செருப்பைத் தேடியபடி.

"வேணாம் அண்ணி. கொள்ளுதானே, மெத்துனு இருக்கும். ஏத்திட்டுப் போனா அவங்களுக்கும் நல்லது."

இந்த இடத்தில்தான் தப்பு. மற்ற கார்கள் அந்த மெத்தையின் மேல் தாண்டிப் போகும். எங்கள் கார் அதன் மேல் படுத்துக்கொண்டு போனது. 'சர்ர்ர்' என்று வயிற்றுக்கடியில் ஒரு சத்தம். போகப் போகச் சத்தம் கனத்தது. வண்டி இழுக்கச் சிரமப்பட்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்த செந்தில், "என்னது, நாம போன எடமெல்லாம் ரோடு சுத்தமா இருக்கு?" என்றான்.

அத்தை மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"யாரோ கொள்ளு வறுக்குறாங்க. என்னா வாசம்!"

வறுத்தது நாங்கள்தான்! காருக்கு அடியில், கொதிக்கிற சைலன்சர் குழாயில், அரை ரோட்டுக் கொள்ளுச் செடி சுற்றிக்கொண்டிருந்தது. வாசம் கருகலாக மாறியதும் சீட்டுக்குக் கீழிருந்து புகை வந்தது.

அதே நேரம் பின்னால் ஒரு மொபெட்டின் ஹாரன். விடாமல் அடித்துக்கொண்டே வந்தது.

"நிறுத்துங்க! ஏங்க, நிறுத்துங்கன்றேன்ல! அடியில பத்திக்கிச்சுங்க, எறங்குங்க மொதல்ல!"

இறங்கினோமா, விழுந்தோமா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். அடியில் மஞ்சளாக ஒரு நாக்கு. பெட்ரோல் டேங்க் பின்பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எதையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறவள்தான், அந்த நிமிஷம் என்னிடம் ஒரு சிரிப்பும் இல்லை. அத்தை மட்டும் தாம்பாளத்தை விடாமல் பிடித்திருந்தார். வெற்றிலைகூடச் சரியவில்லை.

மொபெட்டில் வந்தவள் ஒரு பெண். பழைய புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. வண்டியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடம், பின்னால் கொள்ளு அள்ளும் சாக்கு. குடத்துத் தண்ணீரைச் சாக்கில் கவிழ்த்து, ஈரச் சாக்கோடு ரோட்டில் முட்டி போட்டு, அடியில் திணித்து அமுக்கினாள். செந்தில் கைகளால் ரோட்டோர மண்ணை அள்ளி அள்ளி வீசினான். புகை குப்பென்று எழுந்து, பிறகு மெலிந்து, அடங்கியது.

அவள் எழுந்து காரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது என்னங்க வண்டி, தவழுது? ஒரு கொடி விடாம அத்தனையும் வாரிக்கிட்டு வந்திருக்கு. எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க. எங்க கொள்ளு அது."

செந்தில் புது வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து காருக்கு அடியில் போனான். கொடி கொடியாகப் பிய்த்து வெளியே தள்ளினான். கரியும் வேர்வையுமாக அவன் வெளியே வந்து முகத்தைத் துடைத்தபோது அவள் அவனையே பார்த்தாள். தலையிலிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தாள். அவன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குப் போட்டோ ஞாபகம் வந்தது. வளர்மதி!

பெண் பார்க்க வருகிற நாளில் பெண் ரோட்டிலா நிற்பாள்? நிற்பாள். பெண் பார்க்க ஆள் வருகிறது என்று கொள்ளு காத்திருக்குமா? நாங்கள் வர நேரமிருக்கிறது, ஒரு தடவை புரட்டிப் போட்டுவிட்டுப் போய்க் குளிக்கலாம் என்று வந்திருக்கிறாள்.

"நீங்க… பெரம்பலூர்லேர்ந்து வர்றவங்களா?" என்று கேட்டாள்.

அத்தை முந்திக்கொண்டார். "இல்லம்மா, நாங்க வேற. அரியலூருக்குப் போறோம். வழி தவறிட்டோம்."

பூவும் பழமும் அடுக்கிய தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார். என்ன தைரியம்!

செந்தில் எழுந்து நின்றான். "அம்மா, சும்மா இருங்க. ஆமாங்க, உங்க வீட்டுக்குத்தான் வந்தோம். குட்டை ஸ்பிரிங்கு வாங்கி வண்டிய நாந்தான் எறக்குனேன். தப்பு எம்மேலதான்."

அவள் கொடிகளைக் கட்டாகக் கட்டினாள். மொபெட்டில் அந்தக் கட்டு நிற்கவில்லை. செந்தில் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

இப்படித்தான் எங்கள் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான் – முகமெல்லாம் கரி, தலையில் கருகிய கொள்ளுக் கட்டு. கார் பின்னால் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது.

வீட்டில் பாய் விரித்து, சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பதறிப்போய் "யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பா இருக்கத்தானே செய்கிறார்? அவர் வெற்றிலையை மென்றபடி கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்ல காரியத்துக்கு வர்றப்ப நெருப்பு, பொகை… சகுனம் சரியில்லையே. யோசிச்சுத்தான் செய்யணும்."

செந்திலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'பரவால்ல அண்ணி' என்று சொல்வதற்கு இப்போதே தயாராகிக்கொண்டிருந்தான் என்று எனக்குப் பட்டது. அது எனக்குத் தாங்கவில்லை.

"பெரியவரே" என்றேன். "நெருப்பு வந்துச்சு, வாஸ்தவம். அணைஞ்சும் போச்சு. அணைச்சது ஒரு பக்கம் உங்க பொண்ணு, ஒரு பக்கம் எங்க பையன். கல்யாணம் ஆன பெறகு பண்ண வேண்டியத முன்னாலயே சேந்து பண்ணிட்டாங்க. இதுக்கு மேல என்னங்க சகுனம் வேணும்?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கேட்டது. பெரியப்பா சிரிக்கவில்லை. "இருந்தாலும்…" என்று இழுத்தார்.

அப்போது வளர்மதி உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு வந்தாள். குளித்து, புடவை மாற்றி, பூ வைத்திருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் செந்தில் முன்னால் நின்றாள். வழக்கப்படி கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். போகவில்லை.

"அந்த ஸ்பிரிங்க யாரு மாட்டுனது?"

கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெரியப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"நாந்தாங்க" என்றான் செந்தில்.

"மெக்கானிக்கு இல்லையா?"

"அவரு மாட்டேன்னுட்டாரு. நானே மாட்டுனேன்."

"கழட்டத் தெரியுமா?"

செந்தில் தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தான். "தெரியும்."

"அப்ப சரிப்பா" என்றாள் அவள், செந்திலிடம் இல்லை, தன் அப்பாவிடம். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து அத்தை கையிலிருந்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தை அழுதுவிட்டார். நானும்தான். பெரியப்பா இன்னொரு காப்பி கேட்டார்.

அதே காரில், மறுபடி இறங்கி ஏறி, வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எத்தனையோ பெண் பார்க்கும் இடங்களுக்குப் போயிருக்கிறேன். சம்பளம் கேட்பார்கள், நட்சத்திரம் கேட்பார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று ஜாடையாகக் கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பாருங்கள்… மாட்டுவதற்கு நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பேர் போடவில்லை என்று ஒரு நாள் கோபத்தில் பேச்சை நிறுத்துவோம். பிறகு அந்தக் கோபத்தை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல், எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். தான் செய்ததைத் தானே பிரித்து எடுக்கத் தெரிந்த ஆம்பிளை எத்தனை வீட்டில் இருக்கிறான்? என் கல்யாணத்தின்போது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலமே ஜாக்கி வெளியே வந்தது. செந்தில் கேட்பதற்கு முன்பே அத்தை குடத்தை இறக்கி, தவலையை இறக்கி, துளசித் தொட்டியை நகர்த்தி, ஆணியில் தொங்கியதையும் எடுத்து, நாலு பழைய ஸ்பிரிங்குகளையும் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பொட்டு.

இப்போது கார் பழையபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பரிசத்துக்குப் போகும்போது எந்த மேட்டிலும் யாரும் இறங்க வேண்டியதில்லை.

அந்தச் சிவப்பு ஸ்பிரிங்குகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? விமானம் ஏறி வந்தவை, வீண் போகுமா? ஒன்றின் மேல் எங்கள் வீட்டுக் குடம் உட்கார்ந்திருக்கிறது – முன்னைவிட இரண்டு அங்குலம் இறக்கம். அத்தைக்குத் தண்ணீர் மொள்ள இதுதான் சரியான உயரமாம்.